தமிழ் வீட்டில் ஆங்கிலப் பாடம்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஆண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் கைக்கு வரும் நாளில் ஒரு கவலை தலைகாட்டுவது உண்டு. கணக்கில் குறையில்லை, விஞ்ஞானத்தில் குறையில்லை, ஆங்கிலத்தில் மட்டும் எண்கள் தாழ்ந்து நிற்கும். குழந்தை தலைகுனிந்து நிற்கும். “வீட்டில் எந்நேரமும் தமிழே பேசிக்கொண்டிருந்தால் ஆங்கிலம் எங்கிருந்து வரும்?” என்ற வினா பெற்றோர் உள்ளத்தில் எழும். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நடுநிலைப் பள்ளி வகுப்புகளில் கற்ற ஆங்கில வாசிப்பு, சொல்வளம், இலக்கணம், எழுத்து ஆகிய நான்கையும் விடுமுறைக் காலத்தில் வீட்டிலேயே எவ்வாறு திருப்பிப் பார்க்கலாம் என்பதையும் இதனோடு கூறுவோம்.

நாம் வாழ்வது திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கரமனையில். கரமனையாற்றின் கரையிலுள்ள இப்பகுதியின் வழியாகவே கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை போகிறது. இங்குள்ள அக்கிரகாரத் தெருக்களில் பல தலைமுறைகளாகத் தமிழ் வழங்கி வருகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவனந்தபுரத்துத் தமிழர் கேரளத்தில் மொழிச் சிறுபான்மையினராக நின்றனர். அன்று முதல் இன்றுவரை இங்குள்ள தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசுகிறது. பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறது. ஐந்தாம் வகுப்பில் இந்தியும் வந்து சேர்கிறது. நான்கு மொழிகள் ஒரு சிறு தலைக்குள் குடியிருக்கின்றன. அவை ஒன்றோடொன்று சண்டையிடுமா, ஒன்றுக்கொன்று துணை செய்யுமா என்பது நாம் அவற்றை எப்படிப் பழக்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆங்கிலத்திலுள்ள அரசாங்கத் தாள்களை மொழிபெயர்ப்பதே நமது அன்றாட அலுவல். அதனால் அக்கம்பக்கத்தார் ஆங்கில ஐயம் எழும்போதெல்லாம் நம்மிடம் வருவது வழக்கம். சென்ற ஆண்டு விடுமுறையில் அண்டை வீட்டு நண்பர் ஒருவர் வந்தார். திருநெல்வேலியைச் சேர்ந்தவர், சாலைக் கடைத்தெருவில் தொழில் செய்பவர். கையில் மகளின் ஆங்கில விடைத்தாள். ஏழாம் வகுப்பு முடித்து எட்டாம் வகுப்புக்குப் போகவேண்டிய சிறுமி அவள். தாள் முழுவதும் சிவப்பு மை. “அண்ணா, நாளை முதல் வீட்டில் தமிழ் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவளுடைய ஆச்சி தொலைபேசியில் கூப்பிட்டாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம் என்று தீர்மானம். நான் செய்தது சரிதானே?” என்று கேட்டார். சிறுமி கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

நாம் உடனே விடை கூறவில்லை. விடைத்தாளை வாங்கி வரி வரியாகப் பார்த்தோம். பிழைகள் ஏறத்தாழ நாற்பது இருந்தன. ஆனால் அவற்றை இனம் பிரித்தபோது ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிட்டன. அவற்றிலும் சில தமிழிலிருந்து வந்தவை. சில மலையாளத்திலிருந்து வந்தவை. சில எந்த மொழியிலிருந்தும் வராமல் வெறும் மனப்பாடத்திலிருந்து வந்தவை. “ஒரு மாதம் பொறுங்கள். தீர்மானத்தை அதுவரை ஒத்திவையுங்கள். நாள்தோறும் மாலையில் முக்கால் மணி நேரம் பெண்ணை அனுப்பிவையுங்கள்” என்று கேட்டுக்கொண்டோம். நண்பர் அரைமனதோடு இசைந்தார்.

தமிழும் ஆங்கிலமும் ஒன்றாக வளரமாட்டா என்ற எண்ணம் இந்த ஊரிலேயே பொய்த்துப் போனது என்பதை அவருக்கு நினைவூட்டினோம். சுவாதித் திருநாள் மகாராஜாவுக்கு இளமையில் ஆங்கிலம் கற்பித்த சுப்பராவ் தஞ்சையிலிருந்து வந்தவர். பின்னாளில் திருவிதாங்கூர்த் திவானாகவும் விளங்கியவர். 1834இல் அம்மன்னரின் ஆதரவில் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்க நாகர்கோவிலிலிருந்து ராபர்ட்ஸ் என்ற ஆசிரியர் வந்தார். அப்பள்ளியே பிற்காலத்தில் மகாராஜா கல்லூரியாக உயர்ந்தது. அக்கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் கதைக்கு ஆங்கிலத்தில் லிட்டன் பிரபு எழுதிய கதையொன்று அடிப்படை. அண்மைக் காலத்தில், தமிழ்ப் புதுக்கவிதையிலும் நாவலிலும் பெயர் பெற்ற நகுலன் இதே நகரில் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். இவர்களில் எவரும் ஒரு மொழியைக் கொடுத்து மற்றொன்றை வாங்கவில்லை.

இனிப் பாடத்துக்கு வருவோம். முதலில் வாசிப்பு. சிறுமி ஆங்கிலப் பாடத்தைத் தட்டுத்தடையின்றி உரக்கப் படித்தாள். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. படித்து முடித்ததும், “இந்தக் கதையில் கிழவர் ஏன் வருந்துகிறார்? தமிழில் சொல், அம்மா” என்று கேட்டோம். அவள் விழித்தாள். கேள்வியை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியதும், கேள்வியில் உள்ள சொல் பாடத்தில் எங்கே வருகிறது என்று விரலால் தேடி, அந்த வரியை அப்படியே எழுதிவிட்டாள். விடை தற்செயலாகச் சரியாகவும் இருந்தது! பொருளறியாமலே சரியான விடை எழுதும் இந்த வித்தை ஆறாம் வகுப்புவரை செல்லுபடியாகும். கேள்வி வேறு சொற்களில் வரத் தொடங்கும்போது கைவிட்டுவிடும். உயர்நிலைப் பள்ளி வாசலில் பல குழந்தைகள் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

ஆதலால் வாசிப்பைச் சோதிக்க எளிய வழி, படித்ததைத் தமிழில் சொல்லச் செய்வதாகும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்க வேண்டா. யார், எங்கே, என்ன செய்தார், ஏன் செய்தார் என்ற நான்கு வினாக்கள் போதும். குழந்தை எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே வாக்கிய அமைப்பைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது நீண்ட வாக்கியமாக இருக்கும். தமிழில் ‘நேற்று ஊரிலிருந்து வந்த மாமா’ என்கிறோம். மாமாவைப் பற்றிய செய்தி யாவும் முன்னே வந்து, மாமா கடைசியில் வருகிறார். ஆங்கிலத்திலோ மாமா முதலில் வந்துவிடுகிறார். ‘ஹூ’ என்ற சொல்லைக் கதவாக வைத்து, செய்திகள் பின்னே நுழைகின்றன. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்ட குழந்தை ‘ஹூ’, ‘விச்’ ஆகியவற்றைக் கண்டால் அஞ்சாது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் உள்ளதை எடுத்து முன்னால் வைத்துப் படித்துக்கொள்ளும். நம் இலக்கணத்தில் பெயரெச்சம் என்பது இதுவே.

வாசிப்பின் இன்றியமையாமையை நம் நாட்டில் ஆராய்ந்து வற்புறுத்தியவர் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த அவர், வங்கக் குழந்தைகளுக்குப் பேச்சு ஆங்கிலத்தைவிட வாசிக்கும் ஆங்கிலமே முதலில் பயன்படும் என்று கண்டார். புதிய சொற்களைச் சிறிது சிறிதாகப் புகுத்திக் கதைகளை எளிதாக்கி வாசக நூல்கள் எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் உள்ளன. சாதாரண ஆங்கில உரைநடையில் ஐந்தில் நான்கு பங்கு அச்சொற்களாலும் அவற்றின் கிளைகளாலும் அமைந்துவிடும் என்பது அறிஞர் கணக்கு. பெற்றோர் இதிலிருந்து ஓர் ஆறுதல் கொள்ளலாம். குழந்தை கடக்க வேண்டியது பெருங்கடல் அன்று. கரமனையாறு போன்ற ஓர் ஆறுதான்.

அடுத்தது சொல்வளம். இருபது சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது பழைய முறை. திங்கட்கிழமை மனப்பாடம், வியாழக்கிழமை மறதி. நாம் வேறு வழியில் தொடங்கினோம். ஆங்கிலேயர் நம்மிடம் பெற்றுச் சென்ற சொற்கள் சிலவற்றைச் சிறுமியிடம் கூறினோம். அவர்களுடைய அகராதியிலுள்ள ‘கேட்டமரன்’ நமது கட்டுமரம். ‘செரூட்’ நமது சுருட்டு. ‘மல்லிகடானி’ என்று அவர்கள் அருந்தும் சூப் நமது மிளகுத் தண்ணீர். ‘காயர்’ என்பது மலையாளத்தின் கயர், நமது கயிறு. ‘பீட்டில்’ என்பது வெற்றிலை. போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போனது. அவள் வியந்து சிரித்தாள். ஆங்கிலம் என்பது எங்கோ உயரத்தில் இருந்து தன்னை அதட்டும் மொழி என்ற அச்சம் அன்று சற்று விலகியது.

பிறகு சொற்களைக் குடும்பமாகக் காட்டினோம். தமிழில் ‘பயன்’ என்ற சொல் ‘பயனுள்ள’ என்றும் ‘பயனற்ற’ என்றும் கிளைக்கிறது. ஆங்கிலத்தில் ‘யூஸ்’ என்பது ‘யூஸ்ஃபுல்’ என்றும் ‘யூஸ்லெஸ்’ என்றும் கிளைக்கிறது. ‘ஃபுல்’ வந்தால் உள்ள, ‘லெஸ்’ வந்தால் அற்ற. ஒரு வேரைக் கற்றால் நான்கு சொற்கள் கைக்கு வரும். மேலும், ஒரு சொல்லை அதன் தோழமையோடு கற்க வேண்டும் என்பதை இங்குள்ள குழந்தைக்கு விளக்குவது எளிது. மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் தண்ணீர். தமிழில் அது ஊரை மூழ்கடிப்பது. மலையாளத்தில் ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு, தமிழில் பரபரப்பு. ஒரே ஒலி, இடத்துக்கு இடம் வேறு பொருள். அதுபோலவே ‘லைட்’ என்பது ஓரிடத்தில் விளக்கு, ஓரிடத்தில் பாரமில்லாதது. நாம் சாப்பிடப் போகும் ‘ஹோட்டல்’ ஆங்கிலேயருக்குத் தங்கும் விடுதி. பெரியப்பா, சித்தப்பா, மாமா அனைவரும் அங்கே ஒரே ‘அங்கிள்’. அகராதியில் ஒற்றைச் சொல்லாகப் படித்தது போதாது. ஒரு வாக்கியத்தில் வைத்துப் படித்ததே நிற்கும்.

மூன்றாவது இலக்கணம். விடைத்தாளில் மிகுதியாகச் சிவப்பு மை விழுந்த இடம் இதுவே. ‘ஹீ கோ டு ஸ்கூல்’ என்றும் ‘மை சிஸ்டர் சிங்’ என்றும் சிறுமி எழுதியிருந்தாள். ‘எஸ்’ என்ற ஓர் எழுத்து விடுபட்ட பிழை. “ஏன் அம்மா, ‘கோஸ்’ என்றல்லவா வரவேண்டும்?” என்று கேட்டதற்கு, “ஆள் மாறினால் ‘கோ’ ஏன் மாற வேண்டும், மாமா?” என்று திருப்பிக் கேட்டாள். நல்ல கேள்வி. மலையாளத்தில் ஆள் மாறினால் வினை மாறாது. ஞான் போகுன்னு, அவன் போகுன்னு, அவள் போகுன்னு. எவர் போனாலும் ‘போகுன்னு’ ஒன்றே. பள்ளியிலும் விளையாட்டிலும் மலையாளத்திலேயே மூழ்கியிருக்கும் குழந்தைக்கு ‘ஹீ கோ’ இயல்பாகவே படும். ஆகவே இப்பிழைக்குத் தமிழைக் குறைகூற இடமில்லை.

உண்மையில் தமிழே இங்கு மருந்து. நான் போகிறேன், நாங்கள் போகிறோம், நீ போகிறாய், அவன் போகிறான், அவள் போகிறாள், அவர்கள் போகிறார்கள், அது போகிறது என்று தமிழ் ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வொரு விகுதி தருகிறது. பழைய ஆங்கிலத்திலும் இத்தகைய விகுதிகள் பல இருந்தன. காலப்போக்கில் அவை உதிர்ந்து, ஹீ, ஷீ, இட் ஆகிய மூன்றுக்கும் உரிய ‘எஸ்’ ஒன்றே நிகழ்காலத்தில் எஞ்சியது. “தமிழில் ஏழு விகுதி சரியாகச் சொல்கிறாயே, ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்றை மறக்கலாமா?” என்று கேட்டோம். அவள் ‘போகிறான், கோஸ், போகிறாள், கோஸ், போகிறது, கோஸ்’ என்று தானே சொல்லிப் பார்த்தாள். வீட்டில் தமிழை நிறுத்தியிருந்தால், இந்தப் பிழையைத் திருத்தும் கருவியையே நண்பர் வெளியே எறிந்திருப்பார்.

எதிர்மறையிலும் இவ்வுறவு தொடர்கிறது. ‘ஹீ டஸ் நாட் கோஸ்’ என்று எழுதாத குழந்தை இல்லை. தமிழில் நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை என்கிறோம். எதிர்மறை வந்ததும் நம் வினையும் விகுதியைக் கழற்றி வைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘டஸ்’ அந்த ‘எஸ்’ஸைச் சுமந்துகொள்வதால், ‘கோ’ வெறுங்கையோடு நடக்கிறது. ‘டிட்’ வந்தாலும் அவ்வாறே. இறந்தகாலச் சுமையை ‘டிட்’ ஏற்றுக்கொள்ளும். ஒரு சுமையை இருவர் சுமக்க வேண்டா.

‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் சிறு சொற்கள் பெரியவர்களையும் மயக்குபவை. இவற்றுக்கு ஆச்சி சொல்லும் கதையே பாடம். ‘ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார், அந்த ராஜாவுக்கு...’ என்று கதை தொடங்கும். முதன்முறை வரும்போது ‘ஒரு ராஜா’. அறிமுகமான பிறகு ‘அந்த ராஜா’. ‘எ கிங்’, பிறகு ‘தி கிங்’. அது மட்டுமன்று. ‘ஓர் ஊரில்’ என்றும் ‘ஒரு ராஜா’ என்றும் ஏன் வேறுபடுத்துகிறோம்? உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’. உயிர்மெய்க்கு முன் ‘ஒரு’. ஆங்கிலத்தில் உயிரொலிக்கு முன் ‘ஆன்’; மற்றவற்றுக்கு முன் ‘எ’. விதி ஒன்றே. ஐயம் எழுந்தால் அச்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கலாம். மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லின் ஆங்கில எழுத்து ‘ஹெச்’சில் தொடங்கினாலும், தமிழில் ‘அவர்’ என்று உயிரில் தொடங்கும். ஆகவே ‘ஆன் அவர்’. பல்கலைக்கழகம் ‘யூனிவர்சிடி’ என்று உயிர்மெய்யில் தொடங்கும். ஆகவே ‘எ யூனிவர்சிடி’. ஒலியைப் பார்க்க வேண்டும், எழுத்தை அன்று என்னும் விதி இவ்வாறு கண்முன்னே விளங்கிவிடுகிறது. ‘தி சன்’, ‘தி மூன்’ போல உலகில் ஒன்றேயான பொருள்களுக்குரிய வழக்கைத் தனியே பழக வேண்டும்.

காலங்களிலும் ஒரு பிழை பொதுவானது. ‘ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று எழுதுவார்கள். இதைத் தமிழில் சொல்லச் செய்தால் பிழை தானே வெளிப்படும். ‘நான் தாஜ்மகாலைப் பார்த்திருக்கிறேன்’ என்பது சரி. ‘நேற்று ஐந்து மணிக்கு அவனைப் பார்த்திருக்கிறேன்’ என்றால் நம் காதுக்கே ஒட்டவில்லை, ‘பார்த்தேன்’ என்போம். என்று நடந்தது என்ற காலக் குறிப்பு வந்துவிட்டால், ஆங்கிலத்திலும் ‘ஹாவ்’ விலகி நிற்க வேண்டும்.

தமிழ் எப்போதும் நேர்வழியே காட்டும் என்று கூற நாம் முன்வரவில்லை. தவறான வழி காட்டும் இடங்களும் உண்டு. ‘மை கிராண்ட்மதர் ஆர் கமிங்’ என்று சிறுமி எழுதியிருந்தாள். ஆச்சி வருகிறார்கள் என்று மரியாதையாகப் பேசிப் பழகிய வாய் அது. ஆங்கிலத்தில் ஆச்சியும் ஒருமைதான். அதில் அவமதிப்பு இல்லை என்று விளக்கினோம். ‘பையில் புத்தகம்’, ‘மேசையில் புத்தகம்’, ‘வாசலில் மாமா’ என்று மூன்றிடத்தும் நாம் ‘இல்’ என்னும் ஒரே உருபை வைக்கிறோம். ஆங்கிலத்தில் உள்ளே இருந்தால் ‘இன்’, மேலே படிந்திருந்தால் ‘ஆன்’, ஓரிடத்தருகே நின்றால் ‘அட்’. பகரத்துக்குத் தமிழில் ஓர் எழுத்தே இருப்பதால் ஆங்கில எழுத்துக் கூட்டலில் குழப்பம் வரலாம். அங்கே வல்லொலி, மெல்லொலிக்குத் தனித்தனி எழுத்துடைய மலையாளம் கைகொடுக்கிறது. எந்த இடத்தில் எம்மொழி உதவும் என்று அறிவதே பன்மொழிக் குழந்தையின் செல்வம்.

டில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ வாழும் நேயர்கள் தம் ஊர் மொழியோடு இதைப் பொருத்திப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, இந்தியில் நாற்காலி பெண்பால், வீடு ஆண்பால். உயிரற்ற பொருளுக்கும் அங்கே பால் உண்டு. தமிழில் அவை அஃறிணை. ஆங்கிலத்தின் ‘ஹீ’, ‘ஷீ’, ‘இட்’ என்ற பாகுபாடும், ‘ஹூ’, ‘விச்’ என்ற பாகுபாடும் நமது உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டுக்கு மிக நெருங்கியவை. டில்லித் தமிழ்க் குழந்தைக்கு இந்த இடத்தில் வீட்டுத் தமிழே வழிகாட்டி.

இறுதியாக எழுத்துப் பயிற்சி. இங்கு மனப்பாடம் செய்யும் தீங்கு பெரிது. சித்தியின் திருமணத்துக்காக விடுப்பு விண்ணப்பம் எழுதுமாறு கேட்டிருந்தது வினாத்தாள். சிறுமிக்குத் தெரிந்தது காய்ச்சல் விண்ணப்பம் ஒன்றே. அதில் காய்ச்சலை எடுத்துவிட்டுத் திருமணத்தை வைத்து, ‘ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மேரேஜ்’ என்று எழுதிவிட்டாள். திருமணத்தால் துன்புறுகிறேன் என்பது அதன் பொருள். பொருளைத் தமிழில் சொன்னதும் முதலில் நாணினாள். பிறகு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். தான் எழுதியதைத் தானே படித்துச் சிரிக்கக் கற்ற குழந்தை எழுதத் தொடங்கிவிட்டது எனலாம்.

அன்று முதல் கண்ணால் கண்டவற்றையே எழுதச் சொன்னோம். நாளுக்கு ஐந்து வாக்கியம். இன்று ஆற்றில் தண்ணீர் எவ்வளவு. கடையில் அப்பா என்ன செய்தார். ஆச்சி தொலைபேசியில் என்ன கேட்டார். எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் திருத்தவில்லை. முதல் வாரம் ‘எஸ்’ விகுதி மட்டும். இரண்டாம் வாரம் ‘எ’, ‘ஆன்’, ‘தி’. மூன்றாம் வாரம் காலங்கள். நான்காம் வாரம் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’. மற்றப் பிழைகளைக் கண்டும் காணாதது போல விட்டோம். ஒரு தாளில் நாற்பது சிவப்புக் கோடு கண்ட குழந்தை எதையும் கற்பதில்லை. தனக்கு வராது என்பதை மட்டுமே கற்கிறது.

இலக்கண விதிகளை விளக்கிய நாள்களைவிட, இரயில்வே கால அட்டவணையை வைத்துக்கொண்டு பேசிய நாள்களில் அவள் அதிகம் கற்றாள். ஆச்சியைப் பார்க்கத் திருநெல்வேலிக்கு எந்த வண்டியில் போனால் நண்பகலுக்குமுன் சேரலாம் என்று கேட்டு, விடையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம். இந்த முறை நமது கற்பனையில் உதித்ததன்று. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் என். எஸ். பிரபு என்னும் அறிஞர் நடத்திய திட்டத்தில் இத்தகைய செயல்களே பாடமாக அமைந்தன. குழந்தையின் கவனம் பொருளின்மேல் இருக்கும்போது இலக்கணம் உள்ளே படிகிறது என்பது அவர் கொள்கை. மொழிக் கல்வியாளர் உலகெங்கும் அத்திட்டத்தைப் பேசினர். அதே 1979இல் கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ், ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத் திறனும் சிந்தனைத் திறனும் மற்றொரு மொழிக்கும் துணைநிற்கும் என்ற கருத்தை முன்வைத்தார். வீட்டு மொழியை வளர்ப்பது பள்ளி மொழிக்கு இடையூறு என்ற அச்சத்துக்கு அது தக்க மறுமொழி.

கைப்பேசியே நொடியில் மொழிபெயர்த்துத் தரும் இந்நாளில் இத்தனை பாடு எதற்கு என்று நண்பர் ஒருமுறை கேட்டார். நமது வாழ்வில் நேர்ந்த ஒரு தவற்றைச் சொன்னோம். பணியில் சேர்ந்த புதிதில், ஓர் அலுவலகம் திங்கட்கிழமை ‘அன்டில்’ மூடியிருக்கும் என்ற ஆங்கில அறிவிப்பைத் ‘திங்கட்கிழமை வரை மூடியிருக்கும்’ என்று மொழிபெயர்த்துவிட்டோம். திங்களன்று அலுவலகம் திறந்தது. தமிழைப் படித்தவர்களோ திங்களும் விடுமுறை என்று கருதிச் செவ்வாயன்று வந்தனர். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் திங்கள். வந்தவர்களில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் தாளை மடித்துக்கொண்டு திரும்பிப் போனதை நாம் இன்றும் மறக்கவில்லை. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருந்தது, பொருள் தவறிவிட்டது. இயந்திரம் தரும் வாக்கியத்திலும் இவ்வாறு நேரலாம். அதைக் கண்டுபிடிக்க இரண்டு மொழியும் தெரிந்த மனிதர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

மாதம் முடிந்தது. சிறுமி ஆங்கிலப் புலவராகிவிடவில்லை. எழுத்துக் கூட்டலில் இன்னும் தடுமாறுகிறாள். ‘அட்’ எங்கே, ‘இன்’ எங்கே என்று இன்னும் கேட்கிறாள். ஆயினும் கடைசி நாளன்று கரமனையாற்றைப் பற்றி அரைப் பக்கம் யாருடைய துணையுமின்றி எழுதினாள். அதில் ‘எஸ்’ ஒன்றுகூட விடுபடவில்லை. நண்பர் அதைக் கையில் வாங்கினார். தமக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்று நம்மிடம் முதன்முறையாக ஒப்புக்கொண்டார். “என்ன எழுதியிருக்கிறாய், தமிழில் சொல்லம்மா” என்று மகளிடம் கேட்டார். அவள் வரிக்கு வரி பொருள் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தீர்மானத்தைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. ஆச்சியின் தொலைபேசிக்கும் இப்போது நேரக் கட்டுப்பாடு இல்லை.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் வரும் விடுமுறையில் இதைச் செய்து பார்க்கலாம். நாள்தோறும் முக்கால் மணி நேரம் போதும். கால் மணி வாசிப்பு, அதைத் தமிழில் சொல்லுதல். கால் மணி சொல்லும் இலக்கணமும். கால் மணி கண்டதை எழுதுதல். வாரத்துக்கு ஒரு வகைப் பிழை. ஆங்கிலம் அறியாத தாயும் இதில் பங்குகொள்ளலாம், குழந்தை தமிழில் சொல்லும் கதையைக் கேட்டு, “பிறகு என்ன ஆயிற்று?” என்று கேட்பதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ‘வீ’ என்ற ஒரே சொல் உண்டு. தமிழில் கேட்பவரை விலக்கிய ‘நாங்கள்’ வேறு, அவரையும் சேர்த்த ‘நாம்’ வேறு. குழந்தையோடு உட்கார்ந்து பாடத்தைத் திருப்பும்போது அந்த ‘நாம்’ என்ற சொல்லையே வழங்குவோமாக.